அருகில்

முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்களுக்கு
ஒரே பத்தியை எழுதினேன்,
ஒரே அச்சில் செங்கல் அறுப்பதுபோல.
முத்தூர் அருகில் போர்வெல். மூலனூர் அருகில் போர்வெல்.
சின்னதாராபுரம் அருகில் போர்வெல்,
இருபத்து நாலு மணி நேரமும், நியாயமான விலையில்.
நான் இருந்தது ஈரோடு மேட்டூர் ரோட்டில்
பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடி.
வண்டிகள் நின்றது திருச்செங்கோட்டில்,
அதிலும் பாதி சத்தீஸ்கரில்.
அருகில் என்ற சொல் மட்டும்தான்
எல்லோருக்கும் அருகில் இருந்தது.

இணைப்பு வேலை பிரகதீஷுக்கு.
கிளுவைக் குச்சியை ஒடித்து நட்டால்
எந்தக் காட்டிலும் வேர் பிடிக்கும்.
அப்படித்தான் நட்டான்:
போலந்து நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தில்,
பூட்டிப்போன ஒரு கல்யாண மண்டபத்தில்,
பல்செட் கட்டும் டாக்டரின் விளம்பரத்துக்கு அடியில்.
குச்சிக்கு எட்டு ரூபாய்.
கூகுள் வேலியைப் பார்த்தது.
உள்ளே வெள்ளாமை இருக்கிறதா என்று
அப்போதெல்லாம் பார்க்கவில்லை.

தேடுகிறவர்கள் பத்து வரிக்குக் கீழே இறங்க மாட்டார்கள்
என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.
ஆயிரம் அடிக்குக் கீழே இறங்குகிறவர்களிடம்தான்
அதை வைத்துப் பிழைத்தோம்.

சித்திரையில் ஒரு மத்தியானம் போன் வந்தது.
“அம்மிணி, மேப்புல காட்டுற எடத்துக்கு வந்துட்டனுங்.
ஆபீஸ் எங்கீங்?”
எந்த ஊருங்க என்றேன். முத்தூர் தாண்டி என்றார்.
பேர் சென்னியப்பன்.
திரையில் அந்தச் சிவப்பு முள்ளைப் பெரிதாக்கினேன்.
நான்தான் குத்தியது, போன கார்த்திகையில்,
டீ ஆறுவதற்குள் நாற்பது முள் குத்திய நாளில்.
“அங்க என்னங்க இருக்குது?”
“கொறங்காடுங். ஒரு வெள்வேலம் நிக்குது.
ரெண்டு எருமை. வேற ஒண்ணுமில்லீங்.”
பேசாமல் இருந்தேன்.
“நெழல் இருக்குதுங்,” என்றார்,
என்னைச் சமாதானம் செய்கிறவர் மாதிரி.
“வண்டி வரட்டும், நிக்கறனுங்.”

வண்டி மூன்றாம் நாள் போனது.

ஆனியில் ஒரு ராத்திரி கூகுள் என்னத்தையோ மாற்றியது.
விடிந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு ஊரையும் காணோம்,
முதல் பக்கத்திலும் இல்லை, முப்பதாம் பக்கத்திலும் இல்லை.
பிரகதீஷ் ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.
நடுவதற்கு எட்டு ரூபாய்; பிடுங்குவதற்குக் கூலி இல்லை.
அர்த்தநாரி அண்ணன் கத்துவார் என்று இருந்தோம்.
கத்தவில்லை.
“எழுத்தெல்லாம் விட்டுருங்க. எவன் படிக்கறான்?
பசங்க தண்ணி வர்றத எடுத்து அனுப்புவானுக.
ரீல்ஸா போடுங்க.”

மூன்று நொடிக்குள் தண்ணீர் பீறிட வேண்டும்.
நான்காவது நொடியில் கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.
அறுநூறு அடியில் எழும்பி ஆளுயரம் நிற்கும் தண்ணீர்,
அதற்குள் சட்டையோடு ஆடும் பையன்கள்,
கற்பூரம், நான் ஒட்டவைத்த தவில்.
ஒன்றைப் பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள்,
பாதிப்பேர் மலேசியாவில்.
அவர்களுக்குக் குழாயைத் திறந்தால் வரும்.

பழைய போனில் கிடப்பதையெல்லாம் அந்தப் பசங்க
எது என்னவென்று பார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.
நேற்று ஒரு கோப்பு. ஒரு நிமிடம் நாற்பது நொடி.
ஆயிரத்து நூற்றுப் பத்து அடி என்று
யாரோ பின்னால் சொல்வது கேட்கிறது.
வெள்ளைப் புழுதி. அப்புறம் சாம்பல். அப்புறம் மறுபடி வெள்ளை.
ஓரத்தில் வெள்வேலம். அதில் சாய்த்த ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.
ஒருவர் கண்ணில் விழுந்த தூசியைத்
துண்டு முனையால் ஒற்றிக்கொண்டே
குழியைப் பார்க்கிறார்.
அவர்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்?
குரலைத்தான் கேட்டிருக்கிறேன்.
எருமை இரண்டு இருந்தது.

வெட்டிப் போட அதில் ஒரு நொடியும் இல்லை.
அழிக்கவும் இல்லை.
எண்களாக இருந்த அதன் பெயரை எடுத்துவிட்டு
முத்தூர் அருகில்
என்று அடித்தேன்.
அந்த இரண்டு சொல்லை
இதற்கு முன்பும் அடித்திருக்கிறேன்.